மாறாத புண்ணுக்குக் கிறீம் போதாது: ஆண்குறிப் புற்றுநோய் பற்றி

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பல வருடங்களாக மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு, சில ஆண்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே விளங்கிவிடும். மற்றவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை பால்மா அடுக்கின் பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளை உள்ளே போன பிறகு அருகில் வந்து, "கீழ பூசுற கிறீம் ஒண்டு தாங்கோ" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டால், "கன நாளாத்தான் இருக்கு, சீனி கூடினா வாறது" என்பார்கள். பெரும்பாலானோருக்கு அது சீனி வருத்தத்தோடு வரும் பூஞ்சணத் தொற்றுத்தான். சரியான கிறீமைச் சில நாட்கள் பூசினால் மாறிவிடும். மாறாமல் நிற்கும் மிகச் சிலரை மனதில் வைத்தே இந்தப் பதிவை எழுதுகிறேன். நான் பதிவு பெற்ற மருந்தாளன், வைத்தியன் அல்லன். ஆனாலும் வைத்தியரிடம் போக வேண்டிய ஒருவர் என் கடையோடு நின்றுவிடக்கூடாது என்ற அக்கறை எனக்கு உண்டு.

ஆண்குறிப் புற்றுநோய் அரிய நோய். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வருடத்துக்கு ஒரு இலட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே அது காணப்படுகிறது. தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் சில பகுதிகளில் அதைவிடக் கூடுதலாக உண்டு. 2020ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி சுமார் 36,000 பேருக்குப் புதிதாக இந்நோய் வந்தது. சுமார் 13,000 பேர் இறந்தார்கள். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் வாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சுவரொட்டியும் பாடசாலைச் சொற்பொழிவும் உண்டு. இந்த நோயைப் பற்றியோ எங்கள் வீடுகளில் யாரும் பேசுவதில்லை, கிளினிக் சுவர்களிலும் எதுவும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. அறுபது வயதை அண்டியவர்களுக்கும் அதைத் தாண்டியவர்களுக்குமே இது அதிகம் வருகிறது என்றாலும் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் வருவதுண்டு.

இவற்றில் 95 வீதமானவை தோலின் மேற்படையிலுள்ள செதிட்கலங்களில் தொடங்குகின்றன. ஏறக்குறைய பாதி ஆண்குறியின் நுனியிலுள்ள மொட்டிலும், ஐந்தில் ஒரு பங்கு முன்தோலிலும் தோன்றுகின்றன. தண்டுப் பகுதியில் தொடங்குவது மிக அரிது. ஆரம்பத்தில் அது பயங்கரமாக எதையும் காட்டாது. வெல்வெற் துணிபோல மினுங்கும் ஒரு சிவந்த திட்டு, சிறிய பரு, மரு போன்ற ஒரு தடிப்பு, விளிம்பு சற்றே உயர்ந்த ஒரு புண், இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். வலி பெரும்பாலும் இராது. நோ இல்லாத புண்ணை எங்கள் ஆட்கள் புண்ணாகவே கணக்கெடுப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. முன்தோல் பின்னுக்குப் போகாதவர்களுக்கோ, உள்ளே என்ன வளர்கிறது என்பது கண்ணுக்கே தெரியாது. கெட்ட மணமும், தோலின் நுனியிலிருந்து வடியும் நீரும், சாரத்தில் படும் கறையும்தான் முதல் அறிகுறிகள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் விடயத்தில் அந்தக் கறையைக் கண்டவர் அவருடைய மனைவி. அவரும் மனைவியும் சம்மதம் தந்தபடியால்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் எதையும் சொல்லமாட்டேன், அவரை அண்ணன் என்றும் மனைவியை அக்கா என்றும் குறிப்பிடுகிறேன். அண்ணன் வெவ்வேறு கடைகளில் மாறி மாறிக் கிறீம் வாங்கிப் பூசியிருக்கிறார். சாரங்களைத் தானே கழுவத் தொடங்கியிருக்கிறார், அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடக் கழுவி அறியாதவர். அதில்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் கழுவுவதற்கு முன் எடுத்துப் பார்த்தபோது மஞ்சளும் இரத்தமும் கலந்த கறை இருந்தது. அவர் அந்தச் சாரத்தையே ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டார். மருந்து இல்லை, டொக்டர்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அக்கா கேட்டிராவிட்டால் அண்ணன் இன்னும் எவ்வளவு காலம் பூசிக்கொண்டிருந்திருப்பாரோ தெரியாது.

இந்த நோய் யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது முன்தோல் குறுக்கம், அதாவது முன்தோலைப் பின்னுக்கு இழுக்க முடியாத நிலை. ஆண்குறிப் புற்றுநோய் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேற்பட்டோர் வரை இந்தக் குறுக்கம் உள்ளவர்களாக இருந்ததை வெவ்வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு முன்தோல் பின்னுக்குப் போகாமல் இருப்பது இயல்பானது. அதைப் பலவந்தமாக இழுத்துக் காயப்படுத்தவே கூடாது. வளர்ந்த ஓர் ஆணுக்கு, முன்பு போய்வந்த தோல் படிப்படியாக இறுகிப் போகாமல் நின்றால், அதற்குக் காரணம் தேட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி அழற்சி வந்து, தோல் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து இறுகிவிடுவது மிகவும் சாதாரணம். இன்னொரு காரணம் லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்ற தோல் நோய். முன்தோலின் நுனியிலும் மொட்டிலும் வெளிறிய திட்டுகள் தோன்றி, தோல் ஒரு வெள்ளை வளையமாக இறுகி, சிறுநீர் வாசலையும் சில வேளைகளில் ஒடுக்கிவிடும். இது புற்றுநோயன்று, ஆனால் இருப்பவர்களில் ஒரு சிறு பங்கினருக்குப் பல வருடங்களின் பின் புற்றுநோயாக மாறுகிறது. வீரியமான ஸ்டீரொயிட் களிம்பு இந்தத் தோல் நோய்க்குச் சரியான மருந்துதான், வைத்தியர் பார்த்து, இன்னதென்று உறுதிப்படுத்தி, இத்தனை கிழமைக்கு என்று எழுதிக் கொடுத்தால். அதையே பூஞ்சண மருந்தோடு கலந்த மலிவு விலைக் கிறீமாகக் கடையில் வாங்கி, பார்க்காத புண்ணுக்கு மாதக்கணக்காகப் பூசும்போது, சிவப்பும் அரிப்பும் அடங்கி நோய் அடங்கியதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது. அடியில் உள்ளது அடங்குவதில்லை.

குழந்தைப் பருவத்தில் சுன்னத்துச் செய்யப்பட்ட ஆண்களுக்கு இந்நோய் மிக அரிதாகவே வருகிறது. யூதர்களிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வந்த உண்மை. வளர்ந்த பிறகு செய்யும் சுன்னத்து அதே அளவு பாதுகாப்பைத் தருவதாகத் தெரியவில்லை. ஏனெனில் அதற்கிடையில் பல வருட அழற்சி தன் வேலையைச் செய்திருக்கும். இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் சுன்னத்துச் செய்ய வேண்டும் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. டென்மார்க்கில் சுன்னத்துச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனாலும் 1940களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சத்துக்கு 1.15 ஆக இருந்த ஆண்குறிப் புற்றுநோய் வீதம் 1980களின் இறுதியில் 0.82 ஆகக் குறைந்ததை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் காலத்தில் அங்கே நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்று, வீடுகளுக்குள் குளியலறை வந்தது. முன்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தமான தண்ணீரால் ஒவ்வொரு நாளும் கழுவுவது எல்லா ஆண்களாலும் முடிந்த காரியம். ஆனால் தோட்டத்துக் குடியிருப்புகளிலும், கொழும்பில் வத்தை எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும், பலர் ஒரே குழாயடியில் சாரத்தோடு குளிக்கிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. கழுவத் தெரியாமல் அவர்கள் இல்லை. கழுவுவதற்கு ஒரு மறைவு வேண்டும்.

அடுத்தது மனிதப் பப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. கட்டிகளை ஆராய்ந்தபோது ஏறக்குறைய பாதியில் இந்த வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. அவற்றில் மிக அதிகமாகக் காணப்படுவது 16ஆம் வகை. பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் அதே வகைதான் இது. இந்த இடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதனால் குடும்பங்கள் உடைகின்றன. பாலுறவில் ஈடுபடும் மனிதர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் தொற்றுகிறது. பெரும்பாலானோரின் உடல் தானாகவே அதை வெளியேற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் பல்லாண்டுகள் தங்குகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. அத்தோடு, கட்டிகளில் மற்றப் பாதிக்கு இந்த வைரஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே இந்த நோய் வந்தவர் ஒழுக்கம் தவறியவர் என்று மனைவியோ உறவினரோ முடிவு கட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. இலங்கையில் 2017ஆம் ஆண்டு முதல் தரம் 6இல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே இலவசமாக ஏற்றப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் 2013 முதலும் பிரித்தானியாவில் 2019 முதலும் ஆண்பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் நாட்டிலும் அது ஆண்பிள்ளைகளை எட்ட வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை, பாடசாலையிலிருந்து மகளின் சம்மதப் படிவம் வரும்போது தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

புகைத்தல் இந்நோயின் அபாயத்தை ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்காக்குகிறது. மெல்லும் புகையிலையும் மூக்குப்பொடியும்கூடத் தொடர்புடையவை என்று 1995இல் வெளியான இந்திய ஆய்வொன்று சொன்னது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் வாயைப் பற்றி மட்டும் பயந்தால் போதாது. எச்.ஐ.வி. தொற்று, சொரியாசிஸ் நோய்க்காகச் சொரலென் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை ஆகியனவும் அபாயத்தைக் கூட்டுகின்றன. முன்தோலுக்கடியில் சேரும் வெள்ளை அழுக்கே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முன்பு நம்பினார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. தேங்கி நின்று நீண்டகால அழற்சியை உண்டாக்குவதே அதன் தீங்கு.

இனி, தாமதம். நோயாளிகளில் 15 முதல் 50 வீதமானோர் அறிகுறியைக் கண்ட பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வைத்தியரிடம் போகாமல் இருந்தார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இது எங்கள் ஊர் ஆண்களின் குறை மட்டுமன்று. இங்கே அதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. கொழும்பின் பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகும் எங்கள் ஆட்களில் வயது போன பலருக்குச் சிங்களத்தில் கடையில் பேரம் பேசத் தெரியும், பஸ்ஸில் இடம் கேட்கத் தெரியும். மறைவிடத்தில் உள்ள புண்ணைப் பற்றிப் பேசத் தெரியாது. வழக்கமாக அவர்களுக்காகப் பேசுவது மகளோ மருமகளோ. இந்த வருத்தத்தை மகளை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் சொல்வான்? "சலம் போகக் கஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனைத் துண்டோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கூடப் போவதற்கு ஆண் துணை ஒருவரைப் பிடியுங்கள். மகனாக இருக்க வேண்டியதில்லை, நம்பிக்கையான கூட்டாளி போதும். அதுவும் முடியாவிட்டால், எங்கே, எவ்வளவு காலமாக, இரத்தம் வருகிறதா, முன்தோல் பின்னுக்குப் போகிறதா என்பவற்றை யாரையாவது கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மூன்று, நான்கு கிழமைகளில் மாறாத எந்தப் புண்ணையும், திட்டையும், தடிப்பையும் வைத்தியர் கண்ணால் பார்த்தாக வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தை மரக்கச் செய்து சிறு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்புவார்கள். தோல் பின்னுக்குப் போகாதவருக்குச் சுன்னத்துச் செய்தோ, முன்தோலைக் கீறித் திறந்தோதான் பார்க்க முடியும். அண்ணனுக்கும் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு அவர் பட்ட வெட்கத்தை அக்கா பிறகு எனக்குச் சொன்னார். வைத்தியரோ ஒரு கணம்கூட முகம் சுளிக்காமல், இதை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன் என்பதுபோல் சாதாரணமாகப் பேசினாராம். அந்தச் சாதாரணம்தான் அண்ணனைத் தொடர்ந்து போகவைத்தது.

இந்த நோயில் உயிரைத் தீர்மானிக்கும் இடம் ஆண்குறியன்று, தொடையிடுக்கு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். புற்றுக்கலங்கள் மொட்டிலிருந்து நிணநீர் வழியாக முதலில் இரு பக்கத் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் எனப்படும் சிறு முடிச்சுகளுக்குப் போகின்றன. அங்கிருந்து இடுப்புக்குள் உள்ள கணுக்களுக்கு. அதன் பின்னரே நுரையீரல், ஈரல் போன்ற தூர உறுப்புகளுக்கு. படிகளைத் தாண்டிக் குதிப்பது மிக அரிது. ஆகவே தொடையிடுக்கில் வைத்தே அதைப் பிடித்துவிட்டால் பலரைக் காப்பாற்றலாம். அங்கே நெறி கட்டியிருந்தால், அதாவது கணு வீங்கியிருந்தால், அது தொற்றினாலும் இருக்கலாம், புற்றுநோயினாலும் இருக்கலாம். முன்பெல்லாம் பல கிழமைகள் அன்டிபயொட்டிக் கொடுத்து வற்றுகிறதா என்று காத்திருப்பார்கள், இப்போது அந்தக் காத்திருப்பு தேவையில்லை, ஊசியால் கலங்களை உறிஞ்சிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே வழிகாட்டல்கள் சொல்கின்றன. கையில் எதுவும் தட்டுப்படாதவர்களிலும் நாலில், ஐந்தில் ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கே நோய் போயிருக்கும். சாதாரண ஸ்கான் அதைக் காட்டாது.

காத்திருந்து நெறி பெருத்த பிறகு அகற்றுவதா, முன்கூட்டியே சோதித்து அகற்றுவதா என்ற கேள்விக்கு அம்ஸ்டர்டாமிலிருந்து 2005இல் ஒரு பதில் வந்தது. மறைந்திருந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கணுக்களை அகற்றிய நோயாளிகளில் மூன்று வருடங்களின் பின் 84 வீதமானோர் இந்நோயால் இறக்காமல் இருந்தார்கள். கணு பெருக்கும்வரை காத்திருந்து அகற்றியவர்களில் அது 35 வீதம்தான். இரு பகுதியிலும் நோயாளிகளின் தொகை சிறிதுதான் என்றாலும், அந்த இடைவெளியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நிணநீர் முதலில் சென்றடையும் ஒரு கணுவை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் யோசனையை 1977இல் இதே நோய்க்காகவே முன்வைத்தவர் பராகுவே நாட்டைச் சேர்ந்த ரமோன் கபானஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். இன்று மார்பகப் புற்றுநோய்க்கு உலகெங்கும் செய்யப்படும் காவற்கணுப் பரிசோதனைக்கு முன்னோடி அது. யாரும் பேச விரும்பாத ஒரு நோயைக் கவனமாகப் பார்த்த ஒருவரால் இலட்சக்கணக்கான பெண்கள் தேவையற்ற பெரிய சத்திரசிகிச்சையிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

ஆண்குறியில் முதலில் தோன்றிய கட்டிக்கான சிகிச்சை, அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேற்படையோடு நிற்கும் புற்றுநோய் முன்நிலைக்கு இமிகுவிமொட், 5-புளோரோயுராசில் ஆகிய களிம்புகளும் லேசர் சிகிச்சையும் உண்டு. முன்தோலில் மட்டும் உள்ள கட்டிக்குச் சுன்னத்தே போதுமான சிகிச்சையாக அமையலாம். மொட்டின் மேற்பரப்பிலுள்ள சிறு கட்டியை அகற்றித் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டலாம். அதைவிடப் பெரிதென்றால் மொட்டை மட்டும் அகற்றலாம். உள்ளே விறைப்பைத் தரும் கடற்பஞ்சு போன்ற திசுக்களுக்குள் போயிருந்தால் நுனிப்பகுதியையும், மிக முற்றியிருந்தால் முழுவதையும் அகற்றி, விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர் வாசல் அமைக்க வேண்டியிருக்கும். முன்பு கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நல்ல திசுவையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது விதி. இன்று சில மில்லிமீற்றர் போதும் என்று தெரிந்துவிட்டதால் முன்பைவிடக் கூடுதலாக உறுப்பைக் காப்பாற்ற முடிகிறது. காப்பாற்றும் சிகிச்சையில் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆனால் உடனே கண்டுபிடித்து மீண்டும் அகற்றினால் உயிர்வாழ்வில் பெரிய பாதிப்பு இல்லை. கதிரியக்கக் கம்பிகளைக் கட்டிக்குள் செலுத்தும் சிகிச்சையும் தெரிவு செய்யப்பட்ட சிறிய கட்டிகளுக்குப் பயன்படுகிறது.

தொடையிடுக்குக் கணுக்களை அகற்றுவது இலகுவான சத்திரசிகிச்சையன்று. காயம் பிரிதல், நிணநீர் தேங்குதல், கால் வீக்கம் என்பன அடிக்கடி வரும். கொழும்பின் வெக்கையில் இறுக்கமான காலுறையை நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருப்பது பெரிய சோதனை. கணுக்கள் பெருத்தோ ஒட்டியோ இருந்தால் பக்லிடாக்சல், ஐபொஸ்பமைட், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளையும் சேர்த்து முதலில் கீமோதெரபி கொடுப்பதுண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது, அதன் பிறகு சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நோய் அரிது என்பதால் எல்லா இடத்திலும் எல்லாச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் இதில் கைப்பழக்கம் வாய்ப்பதில்லை. இங்கிலாந்தில் 2002இல் வெளியான வழிகாட்டல், குறைந்தது நாற்பது இலட்சம் மக்களுக்கு ஒரு சிறப்பு நிலையம் என்ற அளவில் இந்நோயாளிகளை ஒன்றுசேர்க்கச் சொன்னது. எங்கள் நாட்டிலும் பெரும்பாலானோர் இறுதியில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். அரச சேவை என்பதால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. புறக்கோட்டையிலிருந்து 138 இலக்க பஸ் மகரகமவுக்குப் போகிறது. வடக்கில் உள்ளவர்களுக்குத் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு.

உயிர்வாழும் வாய்ப்பைப் பற்றிய எண்களைச் சொல்லத் தயங்கினேன். பிறகு, மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை என்று தோன்றியது. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நோய் ஆண்குறியோடு நின்றவர்களில் ஐந்து வருடங்களின் பின் உயிரோடிருப்போர் ஏறக்குறைய 80 வீதம். அருகிலுள்ள கணுக்களுக்கோ திசுக்களுக்கோ பரவியிருந்தால் சுமார் 50 வீதம். தூர உறுப்புகளுக்குப் போயிருந்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கணுக்களைச் சோதித்து அங்கே நோயே இல்லை என்று உறுதியானவர்களுக்கு வாய்ப்பு 90 வீதத்தையும் தாண்டும். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு கணுக்களில் மட்டும் இருந்து அவை முற்றாக அகற்றப்பட்டால் அதுவும் நல்ல நிலைதான், பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். இடுப்புக்குள் போய்விட்டால் ஐந்தில் ஒருவர்கூடத் தேறுவது கடினம். நிலையங்களுக்கும் நாடுகளுக்கும் ஏற்ப இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் அவை இறங்கும் திசை எங்கும் ஒன்றுதான்.

அண்ணனுக்கு நுனிப்பகுதியை அகற்றினார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அவர் வைத்தியரிடம் கேட்ட ஒரே கேள்வி, நின்றுகொண்டு சலம் போக முடியுமா என்பது. முடியும், போதிய அளவு நீளம் மிஞ்சும் என்று அவர் படம் வரைந்து காட்டினாராம். இந்தக் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைத்தலத்தில், கல்யாண மண்டபத்தில், மற்ற ஆண்களோடு ஒருவராக நிற்பது ஓர் ஆணின் மரியாதையோடு சேர்ந்தது. பகுதி அகற்றப்பட்ட பலருக்கு விறைப்பும் உச்சமும் தொடர்கின்றன, தாம்பத்தியமும் முடிகிறது. இதை வைத்தியர் சொல்லாவிட்டால் நோயாளி கேட்கமாட்டார், மனைவியும் கேட்கமாட்டார், இருவரும் தனித்தனியாக எல்லாம் முடிந்துபோனதாக நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் மாதக்கணக்காக வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்தார் என்று அக்கா சொன்னார். புற்றுநோய் அக்காவுக்குத் தொற்றும் என்று அண்ணன் பயந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. புற்றுநோய் தொற்றாது. எச்.பி.வி. தொடர்பு இருக்கக்கூடும் என்பதால், நோயாளியின் மனைவி கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் அதை இலவசமாகவே செய்யலாம்.

நோய் திரும்ப வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே வரும். ஆகவே அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், பின்னர் ஐந்து வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் கிளினிக் போக வேண்டும். இடையில் குளித்து முடித்ததும் இரு தொடையிடுக்கையும் விரல்களால் தடவிப் பார்த்து, புதிதாக ஏதும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் அடுத்த திகதிவரை காத்திருக்காமல் போக வேண்டும். அண்ணன் அந்தப் பழக்கத்தை இப்போது விடாமல் கடைப்பிடிக்கிறார், சிகரெட்டையும் விட்டுவிட்டார்.

முதன்முதலில் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்களை அறிந்த குடும்ப வைத்தியரிடம் அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள் என்பதே. மறைவிடத்தைத் தெரிந்த டொக்டரிடம் காட்ட வெட்கப்படுபவர்கள் கொழும்பு 10, டி சேரம் பிளேசிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம்; அங்கே நாள்தோறும் இத்தகைய புண்களைத்தான் பார்க்கிறார்கள், விவரத்தை வெளியே விடுவதில்லை, வேண்டிய இடத்துக்கு அனுப்பியும் வைப்பார்கள். பூசிய கிறீம்களின் வெறும் குழாய்களை எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். எது புண்ணை மறைத்தது என்பதை வைத்தியர் அவற்றைப் பார்த்து அறிவார். பயொப்சி செய்தால் அறிக்கையின் பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டியின் ஆழம், அதன் தரம், குருதிக்குழாய்களிலும் நரம்புகளிலும் புகுந்திருக்கிறதா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் அதில்தான் இருக்கும். கையில் எதுவும் தட்டுப்படாவிட்டாலும் தொடையிடுக்கைச் சோதிக்க வேண்டுமா என்பது அவற்றை வைத்தே முடிவாகும். அந்தக் கேள்வியை வைத்தியர் எடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.